கோடுக்கும் கோர்ட்டுக்கும் நடுவே

ஃப்ரீலான்ஸ், கான்ட்ராக்ட் ஐ.டி.க்காரர்கள் இந்த முறை கேள்விகளைக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். புலம்பலைச் சுருக்கி, கேள்வியை மட்டும் வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேரின் பெயரை அவர்கள் நன்மைக்காக நானே நீக்கிவிட்டேன்.

கே: ஒரு லேப்டாப், ஒரு வைஃபை, ஒரு சுழல் நாற்காலி. இவ்வளவுதான் என் தொழில். எனக்குப் போய் எதற்கு சார் வணிகக் காப்பீடு? கடையா வைத்திருக்கிறேன்? (சோழிங்கநல்லூர்)

ப: கடை வைத்திருப்பவருக்குத் தன் கடை தீப்பிடிக்குமோ என்று பயம். நீங்கள் ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்தவர் கடையே தீப்பிடிக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர், உதிரி சர்வர் என்று நினைத்து அசல் டேட்டாபேஸ் சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி காலி. பேக்கப் என்று நம்பியிருந்த ஐந்து ஏற்பாடுகளும் சரியான நேரத்தில் கைவிரித்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது. அவர் மாதச் சம்பளக்காரர், நிறுவனம் தாங்கிக்கொண்டது. அதே நாற்காலியில் நீங்கள் கான்ட்ராக்டராக உட்கார்ந்திருந்தால் மறுநாள் காலை வந்திருப்பது வக்கீல் நோட்டீஸ்.

கே: சரி, அந்த பாலிசிக்குப் பெயர் என்ன? ஏஜென்ட்டிடம் கேட்டால் அவர் ஆயுள் காப்பீட்டிலேயே நிற்கிறார். (திருச்சி)

ப: புரொஃபஷனல் இண்டெம்னிட்டி. ஐ.டி. தொழிலுக்கென்று தைத்ததை ‘எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்’, சுருக்கி ‘ஈ அண்ட் ஓ’ என்பார்கள். தமிழில் சொன்னால், செய்ததில் தப்பு, செய்யாமல் விட்டதில் தப்பு. ‘செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம்’ என்று உங்கள் வீட்டில் தினமும் கேட்பீர்களே, அதற்குத்தான் இந்த பாலிசி. வீட்டில் செல்லாது.

உங்கள் கவனக்குறைவால் கிளையன்டுக்குப் பண நஷ்டம் வந்தால் அந்த இழப்பீட்டையும், வழக்கு நடத்தும் செலவையும் வரம்புக்கு உட்பட்டு ஏற்கும். உங்கள் ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள், பாவம். பொறுப்புக் காப்பீடு தெரிந்த புரோக்கரைப் பிடியுங்கள். ஏஜென்ட் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள். புரோக்கர் சட்டப்படி உங்கள் ஆள்.

கே: பெண் பார்க்கப் போனால் ‘மாப்பிள்ளை பெர்மனென்டா?’ என்கிறார்கள். ‘ஒரு கோடிக்கு இண்டெம்னிட்டி பாலிசி இருக்கிறது’ என்று சொல்லலாமா? (விருதுநகர்)

ப: சொல்லுங்கள். ‘அப்படியென்றால் ஒரு கோடிக்கு நஷ்டம் பண்ணக்கூடிய பையனா?’ என்று கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 2022-ல் ஒரு மருத்துவமனைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தேன். அப்போது பாலிசி இருந்தது. 2024 வரை தவறாமல் பிரீமியம் கட்டினேன். நிரந்தர வேலை கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். இப்போது, வரியைத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. தப்பு நடந்த அன்று பாலிசி உயிரோடு இருந்ததே, பணம் வருமா? (ஓசூர்)

ப: வராது. உட்காருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், சொல்கிறேன்.

நமக்கெல்லாம் பழக்கமானது வண்டிக் காப்பீடு. விபத்து நடந்த தேதியில் பாலிசி இருந்ததா என்று மட்டும் அதில் பார்ப்பார்கள். தொழில்முறைப் பொறுப்பு பாலிசி அப்படி இல்லை. அது ‘கிளெய்ம்ஸ் மேட்’ வகை. தப்பு எப்போது நடந்தது என்பது அங்கே இரண்டாவது கேள்வி. அந்தத் தப்பைச் சொல்லி உங்கள் கதவை எப்போது தட்டினார்கள் என்பதே முதல் கேள்வி. தட்டிய நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். உங்களுடையது 2024-லேயே சிவலோகம் போய்விட்டது.

ஏன் இப்படி வைத்தார்கள் என்றால், மென்பொருளில் தப்பு நடந்த அன்றைக்கே சத்தம் வராது. வண்டி மோதினால் தெருவே கூடும். ஆனால் ஒரு வரிக் கணக்குச் சூத்திரம் தப்பாக இருந்தால் மூன்று வருஷம் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டு ஆடிட்டிங்கின்போதுதான் வாயைத் திறக்கும். எந்த வருஷத்துப் பிரீமியத்தில் எந்த வருஷத்து பூதம் வரும் என்று தெரியாமல் கணக்கைத் திறந்தே வைத்திருக்க காப்பீட்டு நிறுவனத்துக்கு இஷ்டமில்லை. அதனால் ‘இந்த வருஷம் வரும் கிளெய்மை இந்த வருஷத்து பாலிசியில் பார்த்துக்கொள்வோம்’ என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’, அதாவது பின்னோக்கிய தேதி. அந்தத் தேதிக்கு முன்னால் செய்த வேலைக்கு பாலிசி பொறுப்பேற்காது. 2020-ல் முதல் பாலிசி எடுத்து இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வந்தால் 2020-ல் தொடங்கிச் செய்த எல்லா வேலைக்கும் பாதுகாப்பு தொடரும். நடுவில், பிரீமியம் கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று வேறு நிறுவனத்துக்குத் தாவுகிறோம். அவர்கள் புதிய பாலிசியில் பின்னோக்கிய தேதியாக இன்றைய தேதியைப் போட்டுவிட்டால், அதுவரை செய்த அத்தனை வேலையும் அநாதை. தாவலாம், தப்பில்லை. பழைய தேதியை அப்படியே கொண்டுவந்து தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு தாவ வேண்டும்.

தொழிலை விடுகிறவர்கள் நீட்டிக்கப்பட்ட அறிவிப்புக் காலம் கேட்டு வாங்கலாம். பழைய வேலைக்காக இனி வரப்போகும் கிளெய்ம்களை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் அதை வாங்கியிருக்க வேண்டும்.

ஆறுதலுக்கு ஒன்று. இந்தியாவில் ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருஷ அவகாசம்தான் தருகிறது 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம். அந்த 3 வருஷம் எந்த நாளில் தொடங்கியது என்பதிலேயே ஒரு வக்கீலால் அரை மணி நேரம் பேச முடியும். அழுவதற்கு முன் வக்கீலிடம் போய்த் தேதிகளைக் காட்டுங்கள்.

கே: ரின்யூவல் தேதி மறந்து நான்கு நாள் தள்ளிக் கட்டினேன். நான்கு நாள்தானே? (ஈரோடு)

ப: மேலே ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படித்தீர்களா? அதேதான். 1938-ஆம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டம், பணம் கைக்கு வராமல் ரிஸ்க்கை ஏற்கக் கூடாது என்று நிறுவனங்களின் கையைக் கட்டியிருக்கிறது. விட்டுப்போன நான்கு நாளைவிட, புதிதாக எடுத்த பாலிசியில் பின்னோக்கிய தேதி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கே: பெங்களூரு கம்பெனி ஒன்று 34 பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. நேரடியோ மறைமுகமோ, எந்த நஷ்டம் வந்தாலும் முழுவதையும் நானே ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு வரி. கேட்டால் ‘ஸ்டாண்டர்ட் கிளாஸ் சார்’ என்கிறார்கள். பாலிசி இருக்கும் தைரியத்தில் கையெழுத்துப் போடலாமா? (கோவை)

ப: ஸ்டாண்டர்ட் என்றால் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாரும் படித்தார்கள் என்று அர்த்தமில்லை. நிறுத்துங்கள் பேனாவை.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு உங்களுக்கு ஒரு வேலி போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால், அதனால் இயல்பாக வரக்கூடிய நஷ்டத்தையோ, இப்படி நடந்தால் இன்ன நஷ்டம் வரும் என்று இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருந்ததையோ கொடுத்தால் போதும். சுற்றிவளைத்து எங்கிருந்தோ வரும் நஷ்டத்துக்கு ஈடு கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து வேலி, இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது. ‘மறைமுகமோ எதுவோ, எல்லாவற்றையும் ஈடுகட்டுகிறேன்’ என்று எழுதிக்கொடுப்பது அந்த வேலியை நீங்களே பிடுங்கி எதிராளி கையில் கொடுப்பது.

வேலி போன பிறகு பாலிசி காப்பாற்றும் என்றுதான் நினைக்கிறீர்கள். பாலிசியின் விலக்குகள் பகுதியைப் புரட்டுங்கள். ஒப்பந்தத்தின் மூலம் நீங்களாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பு செல்லாது என்று ஏறக்குறைய எல்லா பாலிசியிலும் இருக்கும். அந்த ஒப்பந்த வரி இல்லாவிட்டாலும் சட்டப்படி உங்கள் தலையில் விழுந்திருக்கும் பாரத்தை மட்டும் நிறுவனம் சுமக்கும். தாராள மனசோடு நீங்கள் ஏற்றிக்கொண்ட மூட்டையை நீங்களேதான் சுமக்க வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம், இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இவ்வளவு கழிவு என்பதெல்லாம் இந்த ஜாதிதான்.

என்ன செய்வது? இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ‘என் மொத்தப் பொறுப்பு, கடைசி 12 மாதத்தில் நான் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது’ என்று ஒன்று. ‘மறைமுக நஷ்டங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று இன்னொன்று. முதல் வரிக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், உங்கள் பாலிசியின் வரம்பையாவது உச்ச எல்லையாக வைக்கப் பேசுங்கள். இதைக் கேட்டால் புராஜெக்ட் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். கேட்டுப் பாருங்கள். அந்த 34 பக்கத்தை அனுப்பியவருக்கே அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ‘லீகலிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்பார், பாதி நேரம் லீகல் ‘சரி’ என்று சொல்லிவிடும்.

2019 ஏப்ரலில் ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம் அக்சென்ச்சர் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. வலைத்தளத்தைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்கு உதவாததைத் தந்தார்கள், கொடுத்த 3.2 கோடி டாலருக்கு மேல் திரும்ப வேண்டும் என்று வாதம். அக்சென்ச்சருக்கு வக்கீல் படை உண்டு. உங்களுக்கு இருப்பது எல்.எல்.பி. இரண்டாம் வருஷம் படிக்கும் மச்சான்.

கே: வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெப்ளாய் செய்து ஏதாவது ஆனால் அது கவனக்குறைவா, விதியா? (மதுரை)

ப: 2024 ஜூலை 19-ல் கிரௌட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்தன. அன்றும் வெள்ளிக்கிழமைதான். கவனக்குறைவுக்குத்தான் பாலிசியே இருக்கிறது, கவலை வேண்டாம். வேண்டுமென்றே செய்ததற்கும் மோசடிக்கும் கிடையாது. சோம்பேறித்தனம் இந்த இரண்டில் எதில் சேரும் என்பது நீங்கள் குழுவில் என்ன மெசேஜ் போட்டுவிட்டு டெப்ளாய் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

கே: நான் வேலை செய்வது வெளிநாட்டு வங்கிக்கு. ஆனால் என் சம்பளம் வருவது ஒரு வெண்டரிடமிருந்து. வெண்டருக்கு மேலே ஒரு பெரிய கம்பெனி. அவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய பாலிசி இருக்கிறதாம். நான் தனியாக எடுக்க வேண்டுமா? (பெருங்குடி)

ப: மூன்று மாடி வீட்டில் கீழ்த்தளக் குடித்தனம் உங்களுடையது. பணம் மேலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பழி இறங்கும்போது எந்தக் கையிலும் ஒட்டாது, நேரே உங்களிடம் வந்து நிற்கும்.

வெண்டரின் பாலிசியில் ‘காப்பீடு பெற்றவர்’ என்பதற்கு என்ன விளக்கம் என்று கேளுங்கள். சம்பளப் பட்டியலில் உள்ள ஊழியர் மட்டுமா, கான்ட்ராக்டருமா? கான்ட்ராக்டர் செய்த தப்புக்கு வெண்டரைக் காப்பது ஒன்று, கான்ட்ராக்டரையே காப்பது வேறொன்று. முதல் வகையில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. அதற்குப் பெயர் சப்ரோகேஷன். அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் வங்கிக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு, நஷ்டத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்க வெண்டருக்கு என்ன உரிமை உண்டோ, அதே உரிமையோடு வெண்டரின் இடத்தில் நின்று உங்களைக் கேட்கும். பெரிய பாலிசி பெரிய குடைதான். அதன் ஓரத்தில் நிற்பவன் தலையில் விழுகிற தண்ணீர், மழையில் சும்மா நிற்பதைவிட அதிகம்.

இந்த உரிமையை எங்கள் மேல் பயன்படுத்த மாட்டோம் என்று வெண்டரிடமும், வெண்டர் வழியாக அவரது காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுதி வாங்க முடிந்தால் நீங்கள் கெட்டிக்காரர். முடியாவிட்டால் சின்னதாக ஒரு பாலிசி உங்கள் பெயரில்.

கே: பாலிசியில் ‘உலகம் முழுவதும்’ என்று போட்டிருக்கிறது. என் கிளையன்ட் டெக்சஸில். நிம்மதியாக இருக்கலாம்தானே? (சேலம்)

ப: உலகம் முழுவதும் நீங்கள் வேலை செய்யலாம். உலகம் முழுவதும் உங்கள் மேல் வழக்குப் போடலாமா என்பது வேறு வரி. ‘டெரிட்டரி’ என்ற இடத்தில் உலகமும், ‘ஜூரிஸ்டிக்ஷன்’ என்ற இடத்தில் இந்தியாவும் இருக்கும் பாலிசிகள் உண்டு. உலகம் முழுவதும், ஆனால் அமெரிக்கா, கனடா நீங்கலாக என்பது இன்னொரு வகை. அந்த இரண்டு நாடுகளையும் சேர்த்தால் பிரீமியம் துள்ளிக் குதிக்கும். காரணம் எளிது. அமெரிக்காவில் வழக்கில் ஜெயித்தாலும் பொதுவாக அவரவர் வக்கீலுக்கு அவரவர்தான் அழ வேண்டும்.

அதோடு, வழக்குச் செலவு பாலிசி வரம்புக்குள் அடக்கமா, தனியா என்றும் பாருங்கள். அடக்கம் என்றால், டெக்சஸ் வக்கீல் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் வரம்பைக் கொறித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் இழப்பீடு கொடுக்கும் நாள் வரும்போது தட்டில் எச்சில் மட்டும் மீதி இருக்கும்.

கே: பிரீமியம் எவ்வளவு ஆகும்? ஒரு நம்பர் சொல்லுங்கள். (திண்டுக்கல்)

ப: ஆட்டோக்காரர்கூட எங்கே போகணும் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார். உங்கள் வருட வரவு, அதில் அமெரிக்கப் பங்கு, நீங்கள் செய்வது கல்யாண மண்டபத்து வெப்சைட்டா வங்கியின் பேமென்ட் கேட்வேயா, கேட்கும் வரம்பு, முதலில் உங்கள் கையிலிருந்து போடச் சம்மதிக்கும் தொகை, பழைய வழக்குகள் எல்லாம் சேர்ந்துதான் நம்பர். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரி இல்லை என்று ஆனது. உங்கள் உயிருக்கு வரிவிலக்கு, உங்கள் தப்புக்குக் கிடையாது.

கே: விண்ணப்பத்தில் ‘கிளெய்ம் வரக்கூடிய சூழ்நிலை ஏதாவது தெரியுமா?’ என்று ஒரு கேள்வி. போன மாதம் ஒரு கிளையன்ட் கோபமாக மெயில் போட்டார். வழக்கு எதுவும் இல்லை. ‘இல்லை’ என்று போட்டுவிடலாமா? (புதுச்சேரி)

ப: அந்த மெயிலை இன்னொரு முறை படியுங்கள். ‘நஷ்டம்’, ‘வக்கீல்’, ‘பணத்தைத் திருப்பிக்கொடு’ இதில் ஒன்று இருந்தாலும் பதில் ‘ஆம்’. காப்பீடு என்பது உச்சபட்ச நம்பிக்கையின் பேரில் நிற்கும் ஒப்பந்தம். தெரிந்ததை மறைத்தால் பின்னால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். கோபத்தில் வந்த மெயிலுக்கு மறதி கிடையாது. கிளெய்ம் என்று வந்தால் முதலில் தோண்டுவது இன்பாக்ஸைத்தான்.

பாலிசி ஏற்கெனவே இருந்து, நடுவில் இப்படி ஒரு மெயில் வந்தால் உடனே ‘இப்படி ஒரு சூழ்நிலை’ என்று நிறுவனத்துக்கு எழுதிப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் அதற்கு இடம் உண்டு. அதே விஷயத்தில் வழக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தாலும், எழுதிப்போட்ட வருஷத்துக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஓசூர் நண்பருக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

கே: பக் வெளியே வந்ததும் கிளையன்ட்டிடம் ‘முழுக்க என் தப்புதான், நஷ்டத்தை நானே தருகிறேன்’ என்று மெயில் போட்டேன். நேர்மைதானே சார் முக்கியம்? (நாகர்கோவில்)

ப: நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். உங்கள் காப்பீட்டு நிறுவனம் வணங்காது. அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. பக்கை உடனே சரிசெய்யுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், ‘வருத்தப்படுகிறேன்’ என்றும் சொல்லலாம். ‘நான் தருகிறேன்’ என்ற இரண்டு வார்த்தை மட்டும் வேண்டாம். கொடுக்கப்போவது நீங்கள் இல்லையே.

கே: கோடை எழுதியது ஏ.ஐ. நான் காப்பி பேஸ்ட் மட்டும்தான். பொறுப்பு யாருக்கு? (கேளம்பாக்கம்)

ப: பில் யார் பெயரில் போட்டீர்கள்?

ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் துக்கப் பயணக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. வழக்கு வந்ததும், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான ஒரு தனி ஆசாமி என்கிற மாதிரி விமான நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, பணத்தைக் கொடு என்றது. தொகை ஆயிரம் கனடா டாலர்கூட இல்லை. அந்த வாதத்தை வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். நீங்களும் அதை முயல வேண்டாம். ஏ.ஐ. உதவியோடுதான் எழுதுகிறேன் என்பதைக் காப்பீட்டு நிறுவனம் கேட்டால் சொல்லிவிடுங்கள். ஏ.ஐ. தொடர்பான விலக்கு ஏதாவது சத்தமில்லாமல் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு ரின்யூவலிலும் பாருங்கள்.

கே: சைபர் பாலிசி எடுத்தால் இண்டெம்னிட்டி வேண்டாமா? (தாம்பரம்)

ப: சைபர் பாலிசி முதன்மையாக உங்கள் வீட்டில் திருடன் புகுந்ததற்கு. இண்டெம்னிட்டி நீங்கள் போட்ட பூட்டு சரியில்லாமல் கிளையன்ட் வீட்டில் திருடன் புகுந்ததற்கு. சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகின்றன.

சைபரில் விலக்குகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படியுங்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற சைபர் தாக்குதலில் மெர்க் மருந்து நிறுவனத்துக்கு 140 கோடி டாலர் நஷ்டம். ‘இது போர்ச் செயல், போருக்குப் பணம் கிடையாது’ என்றன காப்பீட்டு நிறுவனங்கள். நியூஜெர்சி நீதிமன்றம் மெர்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2023-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. மேல்முறையீடு முடியும்வரை காப்பீட்டுக்காரர்கள் அழுதுகொண்டு சும்மா இருப்பார்களா? அரசுகளின் ஆதரவோடு நடக்கும் சைபர் தாக்குதலுக்குத் தெளிவான விலக்கு வேண்டும் என்று லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை 2023 மார்ச் 31 முதல் விதி போட்டுவிட்டது.

இந்தியாவில் 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அது விழுவது தரவை வைத்திருக்கும் உங்கள் கிளையன்ட் மேல். ஆனால் பெருங்குடி வாசகருக்குச் சொன்ன மூன்று மாடிக் கதைதான் இங்கும். அபராதத் தொகையைப் பெரும்பாலான பாலிசிகள் தொடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: ரயிலில் லேப்டாப் போய்விட்டது. வீட்டுக் காப்பீட்டில் வருமா? (தஞ்சாவூர்)

ப: வீட்டுக் காப்பீடு வீட்டைப் பார்க்கும், ரயிலைப் பார்க்காது. தொழில் சாமான் என்றால் வீட்டுக்குள் தொலைந்தாலும் முகத்தைச் சுளிக்கும். மின்னணுக் கருவிக் காப்பீடு என்று தனியாக உண்டு, எடுத்துச் செல்லும் கருவிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பேச்சே இல்லை. பூட்டாத காரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதற்குப் பெரும்பாலும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் லேப்டாப்பைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்த தலைமுறை நாம். உள்ளே இருந்த கோடுக்கு விலை போடும் சர்வேயர் இன்னும் பிறக்கவில்லை, பேக்கப்தான் அதற்குக் காப்பீடு.

கே: வேலையை முடித்துக் கொடுத்து ஐந்து மாதம். ‘அடுத்த வாரம்’ என்றே சொல்கிறார் சென்னை கிளையன்ட். வராத பணத்துக்கு இண்டெம்னிட்டியில் கேட்கலாமா? (வேலூர்)

ப: முடியாது. உங்களால் அவருக்கு நஷ்டம் என்றால்தான் அந்த பாலிசி. அவரால் உங்களுக்கு நஷ்டம் என்றால் 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம். அதற்கு வேண்டிய உத்யம் பதிவு இலவசம். தனிநபராகச் சேவைத் தொழில் செய்பவரும் பதியலாம். பதிந்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. இணையத்தில் புகார் போட்டால் தகராறைத் தீர்க்கும் வசதி மன்றத்துக்குப் போகும். புராஜெக்ட் தொடங்கும் முன்பே பதிந்திருப்பது நல்லது. அத்தோடு, தாமதித்த தொகையை அந்த வருஷத்துச் செலவாகக் காட்டவும் கிளையன்டால் முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரலில் ஒரு பிடி வந்தது. ‘என் உத்யம் எண் இது’ என்று இன்வாய்ஸின் தலையில் போடுங்கள். அடுத்த வாரம் என்பது நிஜமாகவே அடுத்த வாரம் ஆகும்.

கே: கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போக வசதி இல்லை. (கும்பகோணம்)

ப: முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வணிக பாலிசியாயிற்றே, ஏற்பார்களா என்ற சந்தேகம் வரும். தனி உரிமையாளர், குறு நிறுவனங்களின் பாலிசியும் 2017 விதிகளின்படி அவர் எல்லைக்குள் வரும். ஒரு வருஷத்துக்குள் போய்விடுங்கள்.

கே: லண்டனில் என் லிமிடெட் கம்பெனிக்கு நான் ஒருவனே முதலாளி, நானே தொழிலாளி. ஏஜென்சி ‘எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி’ பாலிசி கேட்கிறது. என்னை நானே வழக்குப் போடவா? அதோடு, இண்டெம்னிட்டி இருந்தால் ஐ.ஆர். 35-லிருந்து தப்பலாமா? (ஈஸ்ட்ஹாம்)

ப: ஊழியர் இருந்தால் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு அந்த பாலிசி கட்டாயம் என்பது பிரிட்டனின் 1969 சட்டம். ஒரே ஊழியர், அவரே பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருப்பவர் என்றால் விலக்கு. சட்டம் கேட்கவில்லை, ஏஜென்சி கேட்கிறது. ஒப்பந்தத்தில் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கான்ட்ராக்டர் வேஷத்தில் இருக்கும் ஊழியரைப் பிடிக்கும் ஐ.ஆர். 35 வரி விதி, 1999 பட்ஜெட்டின்போது வந்த செய்திக்குறிப்பின் எண்ணையே பெயராகக் கொண்டு இத்தனை வருஷமாகக் கான்ட்ராக்டர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. சொந்தமாக இண்டெம்னிட்டி வைத்திருப்பது, நீங்கள் தனித் தொழில் செய்கிறீர்கள் என்பதற்குச் சின்ன அடையாளம், அவ்வளவே. வேட்டி கட்டியவரெல்லாம் விவசாயி ஆகிவிட முடியுமா?

கே: காலை முதல் மாலை வரை கபேயில் ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். கடைக்காரர் முறைக்கிறார். இதற்கு பாலிசி உண்டா? (நுங்கம்பாக்கம்)

ப: பாலிசி இல்லை, வரலாறு உண்டு. 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் காபிக் கடை வைத்திருந்தார். கப்பல் கேப்டன்களும் வியாபாரிகளும் அங்கேயே உட்கார்ந்து, எந்தக் கப்பல் வந்தது, எது மூழ்கியது என்று பேசிக்கொண்டே சரக்குக்குக் காப்பீடு எழுதினார்கள். லாயிட்ஸ் சந்தை அந்தக் கடையில் பிறந்ததுதான். அவர் முறைக்கவில்லை, கப்பல் செய்திகளைத் தானே சேகரித்து அவர்களுக்குக் கொடுத்தார். உங்கள் கபேக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது காபியை ஆர்டர் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.